கொட்டாங்குச்சியை விட்டுக் கருவேலங்கட்டைக்கு மாறினேன்

ஜிபிஎஸ் வைத்து மற்றவர்கள் தேடிக் கண்டுபிடிக்க ஒளித்து வைக்கும் பெட்டிதான் ஜியோகேச். 2000 மே 3 அன்று அமெரிக்காவின் ஓரிகனில் வைக்கப்பட்ட முதல் ஜியோகேச் ஒரு பிளாஸ்டிக் வாளி. எனக்கோ நம் ஊர்ப் பொருளில் செய்ய ஆசை. இரண்டு கொட்டாங்குச்சிகளைத் துணிக்கீல் ஒட்டிச் சேர்த்து, வேலூர் பாலமதி மலைப் பாறை இடுக்கில் வைத்தேன். ஐப்பசி மழையில் பசை கழன்று, வந்தவர்கள் பெயர் எழுதிய தாள் கூழாகிவிட்டது. மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது.

அப்புறம்தான் புரிந்தது: இயற்கைப் பொருள் மறைக்கத்தான், தண்ணீரைத் தடுக்க உள்ளே வேறொன்று வேண்டும்.

இம்முறை சீமைக்கருவேலங்கட்டை. நன்றாகக் காய்ந்ததாக இருக்கணும், பச்சைக்கட்டை பிறகு வெடிக்கும். நடுவில் துளையிட்டு, பெட் பாட்டிலாக ஊதுவதற்கு முன் சோதனைக்குழாய் போல இருக்குமே, அந்த பிரீஃபார்மை எபாக்சிப் பசை வைத்துப் பதித்தேன். அதற்குச் சோடா பாட்டில் மூடியே பொருந்தும். கேஸ் அழுத்தத்தையே தாங்குகிற மூடிக்கு மழை எம்மாத்திரம்! மூடிமேல் அதே கட்டையில் அறுத்த வில்லையை ஒட்டியதும் வெறும் மரத்துண்டாகத்தான் தெரிந்தது. கரையானுக்காக வேப்பெண்ணெய் இரண்டு பூச்சு. எபாக்சி இறுகிய பிறகே பூசுங்கள், எண்ணெய் பட்ட மரத்தில் அது பிடிக்காது.

மரத்தில் ஆணி அடிக்கவில்லை, மண்ணையும் தோண்டவில்லை. அதே பாறை இடுக்குதான். குரங்குகள் இருப்பதால் தின்பண்டம் எதுவும் உள்ளே வைப்பதில்லை. இரண்டு மழைக்காலம் போய்விட்டது, தாள் இன்னும் மொறுமொறுவென்று இருக்கிறது.