செங்குத்தாக எழும் ஜெட் விமானத்துக்கான மிதப்புச் சோதனைக் குழியை அமைத்துப் பயன்படுத்தும் முறை

செங்குத்தாக எழும் ஜெட் விமானத்தைச் சோதிக்கும்போது முதலில் விலக்க வேண்டியது தரையைத்தான். எஞ்சினிலிருந்து கீழ்நோக்கிப் பாயும் வாயுத் தாரை தரையில் மோதி நாற்புறமும் விரியும்போது சுற்றியுள்ள காற்றையும் இழுத்துச் செல்வதால், விமானத்தின் அடிப்புறத்தில் அழுத்தம் குறைந்து அது கீழே உறிஞ்சப்படுகிறது. மேலெழுந்து திரும்பும் சூடான வாயு காற்று நுழைவாயிலுக்குள் புகுந்தால் உந்துவிசையும் குறையும். இவற்றை நீக்கி எஞ்சினின் உண்மையான விசையை அறிவதற்காகவே குழி தோண்டப்படுகிறது.

குழியின் வாயை இரும்புக் கிராதியால் மூடி, அதன் மேல் விமானத்தை நிறுத்த வேண்டும். கிராதியின் வழியே இறங்கும் தாரையை உள்ளே உள்ள வளைதகடுகள் பக்கவாட்டுக் கால்வாய்களுக்குத் திருப்ப வேண்டும். கால்வாயின் வாய் விமானத்திலிருந்து போதிய தொலைவில் இல்லையெனில், வெளியேறிய வெப்பமே சுற்றி வந்து அளவீட்டைக் கெடுத்துவிடும். இதில் சிக்கனம் பார்ப்பது வீண். அருகிலுள்ள தளத்துக்கும் வெப்பம் தாங்கும் கான்கிரீட்டே தேவை, ஏனெனில் சாதாரணக் கான்கிரீட்டில் சிக்கிய ஈரம் நீராவியாகி மேற்பரப்பைச் சில்லுகளாகப் பெயர்த்தெறியும், அந்தச் சில்லு எஞ்சினுக்குள் போனால் சோதனை அன்றோடு முடிந்தது.

சக்கரங்களைப் பிணைத்து, ஒவ்வொரு பிணைப்பிலும் விசையளக்கும் உணரியைப் பொருத்துங்கள். ஒரே ஒரு மொத்த எண் போதாது. விமானம் எந்தப் பக்கம் சாய முனைகிறது என்பதைத் தனித்தனி அளவுகளே காட்டும். நுழைவாயிலின் பல புள்ளிகளில் வெப்பநிலையைப் பதிவு செய்வதும் அவசியம், ஏனெனில் சராசரி உயர்வைவிட ஒரு பக்கம் மட்டும் சூடாவதே எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் அமுக்கியைத் தடுமாறச் செய்யும். காற்று வீசும் திசையையும் வேகத்தையும் ஒவ்வொரு எஞ்சின் ஓட்டத்துடனும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்த கட்டம் கம்பிவடம் கட்டிய மிதப்பு, அதாவது வடத்தின் பிடியில் விமானம் அந்தரத்தில் ஒரே இடத்தில் நிற்பது. இங்கிலாந்தின் டன்ஸ்ஃபோல்டில் 1960 அக்டோபர் 21 அன்று ஹாக்கர் பி.1127 என்ற செங்குத்தாக எழும் சோதனை விமானம் இவ்வாறே முதன்முதலில் எழுந்தது. அதை ஓட்டிய பில் பெட்ஃபோர்டின் காலில் அப்போது மாவுக்கட்டு இருந்தது. வடம் காவல்தான், ஆனால் இறுகும் கணத்தில் அதுவே விமானத்தைச் சுண்டியிழுக்கும் என்பதால், விமானி உணரும் தடுமாற்றத்தை எல்லாம் விமானத்தின் குறையாக எழுதிவிடக் கூடாது. மிதப்பு உயரத்துக்குத் தேவையான தளர்ச்சி விட்டே வடத்தைக் கட்டுங்கள்.

உயரமான சாரக்கட்டிலிருந்து தொங்கவிடுவது இன்னொரு வழி. அமெரிக்காவில் நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில், நிலவில் இறங்கும் பயிற்சிக்கென எழுப்பிய சாரத்தில் எக்ஸ்எஃப்வி-12ஏ என்ற செங்குத்தாக எழும் சோதனை விமானம் 1978இல் தொங்கவிடப்பட்டு, தன் எடையையே தூக்க இயலாதது என்று தெரிந்தது. பறக்கவிடும் முன்பே இது வெளிப்பட்டதுதான் அந்த ஏற்பாட்டின் பயன்.

குழிமேல் பெற்ற எண்கள் ஒழுங்காக அமைந்த பிறகு, கிராதியைத் தகடுகளால் மூடி அதே ஓட்டங்களைத் திரும்பச் செய்யுங்கள். திறந்த நிலைக்கும் மூடிய நிலைக்கும் இடையே குறையும் விசையே தரை பறித்துக்கொள்ளும் பங்கு. தகட்டின் மேல் எழும்பத் தேவையான உபரி விசை மிஞ்சவில்லையெனில், வடத்தை அவிழ்க்காதீர்கள்.