புதுச் சதுரங்கம் உருவாக்குகிறீர்களா? இந்தத் தவறுகளைத் தவிருங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகள் புதிது புதிதாகச் சதுரங்கம் கண்டுபிடிக்கிறார்கள். காய்களுக்குக் கங்காணி, கிராணி, துரை என்றெல்லாம் தோட்டத்து அதிகாரிகளின் பெயர் வைக்கிறார்கள். பார்க்கவே ஆசையாக இருக்கும். ஆனால் பல ஆட்டங்களை இரண்டாவது தடவை யாரும் ஆடுவதில்லை. புதுக் காய்க்குப் பலத்தை அள்ளிக் கொடுத்துவிட்டு, கட்டுப்பாடு எதுவும் வைக்காததுதான் பெரும்பாலும் காரணம்.

துரையையே எடுத்துக்கொள்வோம். ராணி மாதிரியும் போகும், குதிரை மாதிரியும் தாவும். இப்படி ஒரு காய் ஏற்கெனவே உண்டு, அமேசான் என்பார்கள். தன் ராஜாவின் துணைகூட இல்லாமல், தனியாக நிற்கும் எதிரி ராஜாவுக்கு மேட் வைத்துவிடும். அது பலகையில் இருக்கும்வரை மற்ற காய்களை யார் நகர்த்தப்போகிறார்கள்?

பலத்துக்குப் பதிலாக ஒரு நிபந்தனையைச் சேர்த்துப் பாருங்கள். கோப்பிக்கடையில் சீனப் பெரியவர்கள் ஆடும் சியாங்சி என்ற சீனச் சதுரங்கத்தைக் கொஞ்ச நேரம் நின்று கவனியுங்கள். அதில் பீரங்கி, நம் யானையைப் போல நேராகத்தான் போகும். வெட்டுவதற்கு மட்டும் நடுவில் சரியாக ஒரு காய் நிற்க வேண்டும், அது யாருடையதாக இருந்தாலும் சரி. அதைத் தாண்டித்தான் வெட்டும். குதிரைக்கும் அப்படித்தான்: போகும் திசையில் ஒட்டினாற்போல் ஒரு காய் நின்றால் நகர முடியாது. ஒரே ஒரு நிபந்தனைதான், ஆட்டமே வேறாகிவிடுகிறது. காய் உருவாக்குபவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் இல்லை என்பேன்.

அப்புறம், காய் எங்கெல்லாம் போய்ச்சேரும் என்று பார்க்காமல் விடுவது. நேராக மூன்று, பக்கவாட்டில் ஒன்று என்று தாவும் ஒட்டகம் கறுப்புக் கட்டத்தில் தொடங்கினால் கடைசிவரை கறுப்பிலேயேதான் இருக்கும். பழைய பாரசீகச் சதுரங்கத்தின் யானை மூலைவாக்கில் இரண்டாவது கட்டத்துக்குத் தாவும். 64 கட்டங்களில் எட்டை மட்டுமே தொடும். இது குறையில்லை, ஆனால் தெரிந்து செய்ய வேண்டும். தாளில் கட்டம் போட்டுப் பென்சிலால் புள்ளி வைத்தால் தெரிந்துவிடும்.

காய்களை அடுக்குவதிலும் கவனம் வேண்டும். 1921 முதல் 1927 வரை உலகச் சாம்பியனாக இருந்த காபாபிளாங்கா, அகலம் 10, உயரம் 8 உள்ள பலகையில் இரண்டு புதுக் காய்களைச் சேர்த்தார். ஒன்று மந்திரியும் குதிரையும் கலந்தது, மற்றது யானையும் குதிரையும் கலந்தது. அவருடைய அடுக்கில், வெள்ளைக்கு வலக்கோடியிலிருந்து இரண்டாவது சிப்பாய்க்குத் தொடக்கத்தில் காவலே இல்லை. அதனால் ஒவ்வொரு சிப்பாயையும் தொட்டு, இதை யார் காக்கிறார் என்று கேளுங்கள்.

எல்லா விதிகளையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். முன்னாள் உலகச் சாம்பியன் பாபி ஃபிஷர் 1996இல் அறிவித்த ஆட்டத்தில் காய்கள் நகரும் விதம் பழையதுதான். பின்வரிசையைக் கலைத்து அடுக்கியதிலேயே 960 தொடக்கங்கள் கிடைத்தன.

சிப்பாய் கடைசி வரிசையைத் தொட்டால் கங்காணியாக மாறலாமா? நகர இடமில்லாத ராஜாவுக்குச் செக்கும் இல்லையென்றால் ஆட்டம் டிராவா, தோல்வியா? முதல் காயை நகர்த்துவதற்கு முன்பே இவற்றை எழுதி, பலகைக்குப் பக்கத்தில் வையுங்கள்.