சம்ப்பில் இருக்கும் தண்ணீர்: தத்துவத்தைப் பொதுவாசகருக்கு எழுதும் முறை

பெங்களூரில் தமிழில் தத்துவம் எழுத நினைப்பவர் வாசகரை முதலில் நிச்சயித்துக்கொள்ள வேண்டும். அல்சூர், ஸ்ரீராமபுரம், சிவாஜிநகர் பக்கம் மூன்று நான்கு தலைமுறையாக இருக்கும் குடும்பங்களில் பலர் பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ படித்தவர்கள். பேச்சில் தமிழ் சரளம். படிப்பதில் வேகம் குறைவு. ஒயிட்ஃபீல்டுக்கும் எலக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்கு வந்தவர்கள் வேகமாகவே படிப்பார்கள். ஆனால் தத்துவச் சொல் ஏதாவது தெரிந்திருந்தால் அது ஆங்கிலத்தில்தான் தெரிந்திருக்கும். முன்னவர்களுக்கு நீண்ட வாக்கியத்தில் மூச்சு வாங்கும். பின்னவர்கள் ‘பிரக்ஞை’, ‘பிரமாணம்’ என்று கண்டதும் அடுத்த பத்திக்குத் தாவிவிடுவார்கள். வாதத்தைப் புரிந்துகொள்ளும் திறன் இரு தரப்புக்கும் இருக்கிறது. வாதம் வந்து சேர்வதற்குள் களைத்துப்போகிறார்கள்.

ஆகவே எளிமைப்படுத்தும்போது வாதத்தில் கை வைக்கக் கூடாது. அதைச் சுற்றியிருக்கும் சுமையைத்தான் இறக்க வேண்டும். இதை எப்படிச் செய்வது என்று ஒரே ஒரு கூற்றை வைத்துக் கடைசி வரை பார்ப்போம். சிந்திக்கும் ஆற்றல் இல்லாத பொருள்களுக்கு ‘இருத்தல் என்பது உணரப்படுதலே’ என்று அயர்லாந்துத் தத்துவஞானி ஜார்ஜ் பெர்க்லி 1710-இல் எழுதினார். அந்த நூலுக்கு நல்ல வரவேற்பு இல்லை. அதே கருத்துகளை 1713-இல் இரண்டு பேர் உரையாடுவதுபோல் திரும்ப எழுதினார். பொதுவாசகரிடம் போய்ச் சேருவதில் உள்ள சிரமத்தைத் தாமே பட்டறிந்தவர் என்பதால் இந்தப் பாடத்துக்கு அவர் பொருத்தமானவர்.

அளவு முதலில். 1200 சொல் கட்டுரைக்கு ஒரே ஒரு கூற்று. பெர்க்லியின் வாழ்க்கை, முந்திய தத்துவஞானி லாக்கின் கருத்துகளோடு அவருக்கிருந்த பிணக்கு, பின்னால் வந்த ஹியூம் எல்லாவற்றையும் சேர்த்தால் வாசகருக்குப் பெயர்கள் மிஞ்சும், வாதம் மிஞ்சாது.

கேள்வி முன்னே, பெயர் பின்னே

‘1685-இல் அயர்லாந்தில் பிறந்த பெர்க்லி’ என்று தொடங்கும் கட்டுரை முதல் பத்தியிலேயே பாதி வாசகரை இழக்கும். அவருக்கு இன்னும் கேள்வியே எழவில்லை. யாருடைய பதிலாக இருந்தால் அவருக்கென்ன? இப்படித் தொடங்கிப் பாருங்கள்:

‘வாசலில் தரைக்கடியில் 6000 லிட்டர் தண்ணீர்த்தொட்டி, அதாவது சம்ப். மூடி போட்டிருக்கிறது. நடுராத்திரியில் காவிரித் தண்ணீர் வந்து நிரம்பியது. அப்போது தெருவே தூங்கிக்கொண்டிருந்தது. உள்ளே இருட்டில், யார் கண்ணிலும் கையிலும் படாமல் கிடக்கும் அந்தத் தண்ணீர் எப்படி இருக்கிறது? நிறம் உண்டா? குளிர்ச்சி உண்டா? உண்டென்றால், யாருக்குக் குளிர்கிறது?’

கடைசிக் கேள்விதான் கொக்கி. அது இல்லாவிட்டால் வெறும் வர்ணனை. முதல் 80 சொல்லுக்குள் இந்தக் கேள்வி வந்துவிட வேண்டும். பெர்க்லியின் பெயர் மூன்றாவது பத்திக்கு முன் தேவையில்லை.

எடுத்துக்காட்டைத் தேர்வு செய்தல்

மணிமேகலையின் 29-ஆம் காதையில் அறவண அடிகள் வாதத்தின் ஐந்து உறுப்புகளைச் சொல்கிறார்: பக்கம், ஏது, திட்டாந்தம், உபநயம், நிகமனம். இந்த மலையில் நெருப்பு இருக்கிறது, ஏனென்றால் புகை இருக்கிறது, அடுக்களையைப் போல, இந்த மலையிலும் அப்படியே புகை, ஆகவே நெருப்பு. நடுவில் திட்டாந்தமாக, அதாவது எடுத்துக்காட்டாக, இருக்கும் அடுக்களையைக் கவனியுங்கள். எடுத்துக்காட்டு அங்கே வாதத்துக்குப் போட்ட அலங்காரமாக இல்லை, வாதத்தின் உறுப்பாகவே இருக்கிறது. புகையும் நெருப்பும் சேர்ந்தே இருப்பதைக் கேட்பவர் தினமும் பார்க்கும் இடம் அது. நல்ல எடுத்துக்காட்டுக்கு இதுவே அளவுகோல்: வாதம் எந்தத் தொடர்பை நம்பி நிற்கிறதோ அந்தத் தொடர்பு அதில் கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவது சோதனை, எடுத்துக்காட்டில் சூடு இருக்கக் கூடாது. அல்சூர் ஏரிக்கரைத் திருவள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடிக்கிடந்து 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ‘யாரும் பார்க்காத பொருள்’ என்பதற்கு இதைவிடப் பொருத்தமாக ஒன்று கிடைக்காதுபோல் தோன்றும். ஆனால் பெங்களூர்த் தமிழரிடம் அதைச் சொன்ன மறுநிமிடம் பேச்சு பெர்க்லியை விட்டுவிட்டு, சிலைத் திறப்பு தடைபட்ட 1991-க்குப் போய்விடும். வாசகரின் ஆதங்கம் நியாயமானது. அதனாலேயே எடுத்துக்காட்டாக அது உதவாது. சம்ப் தண்ணீர் மேல் யாருக்கும் கோபமில்லை. (டேங்கர் தண்ணீர் என்று எழுதாதீர்கள், அது கோடைகாலக் கவலையைக் கிளப்பிவிடும்.)

மூன்றாவது, ஒரு கட்டுரைக்கு ஒரே எடுத்துக்காட்டு. பத்திக்கு ஒன்றாக மாற்றினால் வாசகர் ஒவ்வொரு தடவையும் புது வீட்டுக்குள் நுழைந்து விளக்கு சுவிட்சைத் தேட வேண்டியிருக்கும்.

வாதத்தைப் படிகளாக உடைத்தல்

எழுதத் தொடங்குமுன் வாதத்தைத் தனித்தாளில் எண் போட்டு எழுதுங்கள். ஆறு படிக்கு மேல் போனால் அங்கே இரண்டு வாதங்கள் கலந்திருக்கின்றன. பெர்க்லிக்கு நான்கு போதும்.

1. தண்ணீரைப் பற்றி நாம் நேராக அறிவது நிறம், குளிர்ச்சி, ஈரம், ஓசை போன்றவற்றையே.
2. இவையெல்லாம் உணர்கிற மனம் ஒன்றில்தான் இருக்க முடியும்.
3. தண்ணீர் என்பது இவற்றின் தொகுப்பு; இவற்றுக்குப் பின்னால் வேறொன்று இல்லை.
4. ஆகவே எந்த மனமும் உணராத தண்ணீர் என்று ஒன்று இருக்க முடியாது.

இப்போது எந்தப் படி வழுக்கும் என்று பாருங்கள். முதல் படியை யாரும் மறுக்கமாட்டார்கள். நான்காவது தானாக வந்துவிடும். இரண்டாவதுதான் வழுக்கும் படி. கட்டுரையின் பாதி இடம் அதற்கே போக வேண்டும். பலரும் எல்லாப் படிக்கும் சமமாக ஒவ்வொரு பத்தி கொடுப்பார்கள். அப்போது தெரிந்த விஷயம் சலிப்பூட்டும், தெரியாத விஷயம் அவசரத்தில் ஓடிவிடும்.

இரண்டாவது படிக்குப் பெர்க்லியே ஒரு சோதனை தருகிறார். வீட்டுக் குளியலறையில் செய்து பார்க்கலாம். ஒரு பக்கெட்டில் கை பொறுக்கும் அளவு கீசர் தண்ணீர், இன்னொன்றில் குளிர்ந்த தண்ணீர். பக்கெட்டுக்கு ஒரு கையாக ஒரு நிமிடம் வைத்திருங்கள். பிறகு இரண்டு கையையும் வெதுவெதுப்பான மூன்றாவது பக்கெட்டில் விடுங்கள். ஒரே தண்ணீர் ஒரு கைக்குக் குளிரும், மறு கைக்குச் சுடும். ஒரே தண்ணீர் ஒரே நேரத்தில் சூடாகவும் குளிராகவும் இருக்க முடியாது. அப்படியென்றால் சூடும் குளிரும் தண்ணீரிலா இருக்கின்றன? வாசகரைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள். தன் கை சாட்சி சொன்ன வாதத்தை அவர் மறக்கமாட்டார்.

வாசகர் தவறாகப் பிடிக்கும் இரண்டு இடங்கள்

முதலாவது: ‘மூடியைத் திறந்தால் தெரிந்துவிடப் போகிறது!’ இப்படி ஒருவர் சொன்னால், அவருக்குப் பெர்க்லி சொன்னது ‘தண்ணீர் இருக்கிறதா என்று நமக்குத் தெரியாது’ என்றே கேட்டிருக்கிறது. பெர்க்லி பேசுவது தெரிவதைப் பற்றியல்ல, இருப்பதைப் பற்றி. இந்த வேறுபாட்டைக் கட்டுரையில் வெளிப்படையாக ஒரு தடவை சொல்லிவிடுங்கள். கூடவே, மூடிய சம்ப்பில் தண்ணீர் மறைந்துபோகிறது என்றும் அவர் சொல்லவில்லை. கடவுள் எப்போதும் எல்லாவற்றையும் உணர்ந்துகொண்டிருப்பதால் தண்ணீர் இருந்துகொண்டே இருக்கிறது என்பது அவருடைய முடிவு. இதை விட்டுவிட்டு எழுதினால் அவர் பித்தர்போல் தெரிவார்.

இரண்டாவது தமிழ் வாசகருக்கே உரியது: ‘இது சங்கரர் சொன்ன மாயைதானே?’ அல்ல. பெர்க்லிக்குத் தண்ணீர் பொய்யில்லை. காண்கிற அளவுக்கு அது முழு உண்மை. காட்சிக்குப் பின்னால் சடப்பொருள் என்று ஒன்றைக் கற்பிப்பதைத்தான் மறுக்கிறார். நம் மரபில் ஒப்பிட ஒன்று வேண்டுமென்றால் காண்பதெல்லாம் மனத்தின் தோற்றமே என்னும் பௌத்த யோகாசாரம் இன்னும் கிட்டத்தில் இருக்கிறது. ஒப்பீடு தேவையானால் ஒன்று மட்டும். ஒற்றுமையைச் சொன்னால் வேற்றுமையையும் அதே பத்தியில் சொல்லிவிட வேண்டும்.

சொற்கள்

ஒரு கட்டுரையில் மூன்று கலைச்சொல்லுக்கு மேல் வேண்டாம். முதலில் விளக்கம், பிறகு சொல். சொல்லை முதலில் போட்டுப் பின்னால் விளக்கினால் வாசகர் இருட்டில் ஒரு வரி நடந்தாக வேண்டும்.

பெங்களூருக்கென்றே ஒரு கண்ணி உண்டு. தர்க்கத்தில் ‘அனுமானம்’ என்றால் புகையைக் கண்டு நெருப்பை அறிவது. அன்றாடத் தமிழில் அது வெறும் ஊகம். கன்னடத்தில் அதே சொல்லுக்குச் சந்தேகம் என்றே பொருள் கொள்வார்கள். கன்னடம் படித்து வளர்ந்த தமிழ் வாசகருக்கு ‘அனுமானத்தால் உறுதிப்படுகிறது’ என்ற வாக்கியம் தலைகீழாகக் கேட்கும். சைவ சித்தாந்த நூல்கள் ‘காண்டல், கருதல், உரை’ என்று மூன்று அளவைகளை, அதாவது அறியும் வழிகளைச் சொல்கின்றன. அனுமானத்துக்கு அங்கே பெயர் ‘கருதல்’. அதை ஒரு தடவை விளக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். அதுவும் உறுத்தினால் ‘ஒன்றைக் கண்டு இன்னொன்றை அறிதல்’ என்று நீட்டியே எழுதுங்கள். சொல் நீண்டாலும் பரவாயில்லை, பொருள் திரியக் கூடாது.

இதேபோல் ஒவ்வொரு நிகழ்வும் முந்திய காரணத்தால் தீர்மானமாகிறது என்ற கொள்கைக்கு ‘விதி’ என்று பெயர் வைக்காதீர்கள். விதி என்றால் எந்த வழியில் போனாலும் முடிவு ஒன்றே என்று நம் காதில் விழும்; காரணக் கொள்கையோ வழி மாறினால் முடிவும் மாறும் என்கிறது. ‘மனம்’ என்ற சொல்லிலும் கவனம் தேவை. நம் தத்துவ மரபுகளில் பலவற்றில் அது ஓர் உட்கருவி, ஆன்மா வேறு. பெர்க்லியின் மனமோ உணர்கிறவரேதான். ஒரே வரி போதும், ஆனால் அந்த வரி இருக்க வேண்டும்.

வாக்கியம்

தமிழில் வினை கடைசியில் வரும். அதுவரை வந்த அத்தனையையும் வாசகர் கையில் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும். இதைப் பாருங்கள்: ‘நாம் உணரும் புறப்பொருள்களின் இருப்பானது அவற்றை உணரும் மனத்தைச் சார்ந்ததாகவே அமைகிறது என்பதை மறுக்கவியலாதவாறு நிறுவ முற்பட்ட பெர்க்லியின் நிலைப்பாடு பலரது மறுப்புக்கு உள்ளாக்கப்பட்டது.’

உடைத்தால்: ‘வெளியே இருக்கும் பொருள் மனத்தைச் சார்ந்துதான் இருக்கிறது என்றார் பெர்க்லி. யாரும் மறுக்க முடியாதபடி அதை நிறுவப் பார்த்தார். பலர் மறுத்தார்கள்.’ கருத்து ஒன்றும் குறையவில்லை. ஒரு வாக்கியத்தில் இரண்டு பெயரெச்சங்களுக்கு மேல் வந்தால் வெட்டுங்கள். 12 சொல் தாண்டியதையெல்லாம் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள்.

எதிராளிக்கு இடம்

அருணந்தி சிவாச்சாரியார் சிவஞான சித்தியாரில் பிறர் கொள்கையைச் சொல்லும் பரபக்கத்தை முன்னே வைத்து, தம் கொள்கையைச் சொல்லும் சுபக்கத்தைப் பின்னே வைத்தார். உலகாயதரும் பௌத்தரும் சமணரும் சொல்வதைச் சொல்லிவிட்டுத்தான் மறுப்பு. அந்த ஒழுங்கு பொதுவாசகருக்கும் நல்லது. கட்டுரையில் மூன்றில் ஒரு பங்கை எதிர்வாதத்துக்குக் கொடுங்கள். அதுவும் எதிராளி படித்தால் ‘ஆமாம், நான் சொன்னது இதுதான்’ என்று ஒப்புக்கொள்ளும்படி.

ஆங்கில எழுத்தாளர் சாமுவேல் ஜான்சன் ஒரு கல்லைக் காலால் உதைத்துப் பெர்க்லியை மறுத்துவிட்டதாகச் சொன்ன கதை பிரபலமானது. சுவையானது, ஆனால் மறுப்பாகாது: கல்லின் கடினமும் காலின் வலியும்கூட உணர்வுகள்தானே? வலுவான மறுப்பு 1903-இல் ஆங்கிலத் தத்துவஞானி ஜி. இ. மூரிடமிருந்து வந்தது. உணர்தல் வேறு, உணரப்படும் பொருள் வேறு. உணர்தல் மனத்தில் நடப்பதாலேயே பொருளும் மனத்துக்குள் இருக்க வேண்டியதில்லை. இது நேரே இரண்டாவது படியில் வந்து இடிக்கிறது. அங்கேயே இடிக்கட்டும், அவசரமாகத் தீர்ப்பு எழுதி மூடிவிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒரு குறளைப் போட்டு முடிக்கத் தோன்றும். போட வேண்டாம். வள்ளுவர் வாக்கு வந்ததும் வாதம் முடிந்ததாக வாசகர் தாளை மடித்துவிடுவார். ‘எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும்’ என்ற 423-ஆம் குறளே அப்படி ஏற்றுக்கொள்ளாதே என்கிறது.

சரிபார்த்தல்

மூன்று பேரிடம் கொடுங்கள்: தமிழ் மெதுவாகப் படிப்பவர் ஒருவர், வேகமாகப் படிப்பவர் ஒருவர், தத்துவமே பிடிக்காது என்பவர் ஒருவர். ‘புரிந்ததா?’ என்று கேட்காதீர்கள். மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். முதலாமவரை உரக்கப் படிக்கச் சொல்லி, அவர் திரும்பப் போய்ப் படிக்கும் வரிகளில் பென்சிலால் கோடிடுங்கள். எல்லோரிடமும் மறுநாள் போனில் இரண்டு கேள்வி: பெர்க்லி என்ன சொன்னார்? அதை மறுப்பவர் என்ன சொன்னார்?

சம்ப் நினைவிருந்து கேள்வி மறந்திருந்தால் எடுத்துக்காட்டு பெருத்துவிட்டது. அதில் பாதியை வெட்டுங்கள். பெர்க்லி மட்டும் நினைவிருந்து மூர் மறந்திருந்தால் மறுப்பைக் கடைசியில் கொண்டுபோய் வைத்திருப்பீர்கள். இரண்டாவது படிக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். ‘எல்லாம் மாயை என்கிறார்’ என்று பதில் வந்தால் ஒப்பீட்டுப் பத்தியைத் திரும்ப எழுதி, முன்பு படிக்காத ஒருவரிடம் கொடுங்கள். மூவரில் ஒருவராவது ‘அந்த இரண்டாவது படி எனக்குச் சரியாகப் படவில்லை’ என்று சண்டைக்கு வந்தால் கட்டுரையை வெளியிடலாம்.