முதியவர்களின் தோள் எலும்பு பல துண்டாக உடைந்தால் எந்த அறுவை சிகிச்சை?

முதலில் கேட்க வேண்டியது, அறுவை தேவையா என்பதுதான். பிரிட்டனில் நடந்து 2015இல் வெளியான ப்ரோஃபர் ஆய்வில், அறுவை செய்துகொண்டவர்களுக்கும் ஸ்லிங்கோடு (கையைத் தாங்கும் தொங்குபட்டை) விட்டவர்களுக்கும் 2 ஆண்டுகளுக்குப் பிறகு பெரிய வித்தியாசம் இல்லை. மூட்டே நழுவிய முறிவுகள் அதில் சேராது. அவற்றுக்கும், பந்து (கை எலும்பின் உருண்டையான மேல்முனை) பிளந்துபோன முறிவுக்கும் பெரும்பாலும் அறுவைதான் வழி.

எக்ஸ்ரேயை மட்டும் வைத்து முடிவெடுக்காமல் சிடி ஸ்கேன் எடுங்கள். பந்தோடு உட்பக்கம் ஒட்டியிருக்கும் எலும்பு 8 மி.மீ.க்குக் குறைவாக இருந்தாலோ, உட்பக்க விளிம்பு 2 மி.மீ.க்கு மேல் விலகியிருந்தாலோ பந்துக்கு ரத்த ஓட்டம் அறுந்திருக்கலாம். நரம்பு அடிபட்டிருக்கிறதா என்று அறிய, தோளின் வெளிப்பக்கத் தோலில் தொடுவுணர்ச்சி இருக்கிறதா, தோளை மூடியிருக்கும் டெல்டாய்ட் தசை இறுகுகிறதா என்பதையும் அறுவைக்கு முன்பே பார்த்து எழுதிவைக்க வேண்டும்.

எலும்பு கெட்டியாக, பந்து முழுசாக இருந்தால் லாக்கிங் பிளேட் (ஸ்குருக்கள் பூட்டிக்கொள்ளும் உலோகத் தகடு) போடலாம். எலும்பு மெலிந்தவர்களிடம் இதுதான் அதிகம் தோற்கிறது: உட்பக்கத் தாங்கல் இல்லாமல் பந்து உள்நோக்கிச் சாய, ஸ்குரு முனை பந்தைத் துளைத்து மூட்டுக் கிண்ணத்தைத் தேய்க்கும். அதனால் பந்தின் அடிப்பகுதியைத் தாங்கும் ஸ்குருவை விட்டுவிடக் கூடாது.

பந்தை மட்டும் மாற்றும் பாதி மூட்டு மாற்றில், தசைநாண் பிடித்திருக்கும் எலும்பு மேடுகள் ஒட்டாவிட்டால் கை மேலே எழாது. முதியவர்களுக்கு அவை ஒட்டுவது நிச்சயமில்லை.

ஆகவே 70 தாண்டியவருக்கு, அறுவை என்று முடிவானால், ரிவர்ஸ் மூட்டு மாற்றே எங்கள் முதல் தேர்வு. பிரான்சின் பால் கிராமோன் 1980களில் வடிவமைத்த இதில் பந்து தோள்பட்டை எலும்பிலும் கிண்ணம் கை எலும்பிலும் இருக்கும். கையைத் தூக்கும் வேலையை டெல்டாய்ட் ஏற்கும். அதன் நரம்பு நிரந்தரமாகச் செத்திருந்தால் இந்த மூட்டு பயன்படாது. மேடுகளை இதிலும் வலுவான நூலால் கட்டத்தான் வேண்டும்; இல்லாவிட்டால் கையை வெளிப்புறம் திருப்புவது கடினமாகும்.

2 வாரத்துக்குள் செய்வது நல்லது. தாமதித்தால் துண்டுகள் தழும்பில் சிக்கி, இழுத்துச் சேர்ப்பது கடினமாகும்.

அறுவைக்குப் பின் விரல், மணிக்கட்டு அசைவை முதல் நாளிலேயே தொடங்குங்கள். ரிவர்ஸ் மூட்டு போட்டவர் முதல் 6 முதல் 12 வாரம் அந்தக் கையை ஊன்றி நாற்காலியிலிருந்து எழக் கூடாது, முதுகுக்குப் பின்னும் கொண்டுபோகக் கூடாது; மூட்டு நழுவுவது பெரும்பாலும் இப்படித்தான். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேன் எடுத்து எலும்பு மெலிவுக்கு மருந்து தொடங்காமல் வீட்டுக்கு அனுப்பினால், அடுத்த விழுதலில் இடுப்பு எலும்பு உடையும் அபாயம் அப்படியே இருக்கும்.