"இன்னும் ரெண்டு கட்டைதானே": காடி எச்சரிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் காடி வைத்திருக்கிறவர்கள் வாயில் அடிக்கடி வருவது, "ஓடுதுல்ல, அப்புறம் பாத்துக்கலாம்". நானும் சொன்னவன்தான். அதற்கு எனக்கு ஒரு எஞ்சின் போனது.

என் காடி ஒரு பழைய புரோட்டோன் வீரா. தோட்டத்துக்குள் இருக்கிற அக்கா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போது, வளைவில் திருப்பினால் டேஷ்போர்டில் எண்ணெய்க் குவளைப் படம் ஒன்று சிவப்பாக மின்னும், நேரானதும் அணைந்துவிடும். ஒரு வாரம் அப்படியே ஓட்டினேன். ஒரு ராத்திரி அது அணையவே இல்லை. வீட்டுக்கு இன்னும் ரெண்டு கட்டைதான், மழை வேறு, ரெண்டு பக்கமும் செம்பனை, இங்கே நிறுத்தி என்ன செய்வது என்று மிதித்துக்கொண்டே வந்தேன். வாசலுக்கு வந்தபோது எஞ்சினுக்குள் யாரோ சுத்தியலால் தட்டுவதுபோல் சத்தம். மறுநாள் போமென் அண்ணன் ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை உருவிக் காட்டினார், நுனியில்கூட ஈரம் இல்லை. "லைட்டு எரிஞ்சப்பவே ஆஃப் பண்ணியிருந்தா ரெண்டு போத்தல் ஆயிலோட போயிருக்கும், தம்பி" என்றார். பேரிங் போய், கடைசியில் ஹாஃப்கட் எஞ்சின், அதாவது வேறு காடியிலிருந்து கழற்றிய பழைய எஞ்சின், தேடி அலைந்தேன்.

அந்தக் குவளை விளக்கைப் பார்த்து ஆயில் கொஞ்சம் குறைந்திருக்கிறது என்றுதான் நினைப்போம். அது அழுத்தம் விழுந்துவிட்டது என்று சொல்கிற விளக்கு. ஆயில் மிகவும் குறைந்தால் வளைவில் அது ஒரு பக்கம் ஒதுங்கிவிடும், பம்ப் காற்றை உறிஞ்சும், விளக்கு மின்னும். என் காடி ஒரு வாரம் மின்னியது அதற்குத்தான். பம்ப் கெட்டாலும் இதே விளக்கு எரியும். எதுவானாலும் அழுத்தம் இல்லாத எஞ்சினில் இரும்பும் இரும்பும் நேராக உரசும், அதற்கு ரெண்டு கட்டையெல்லாம் தேவையே இல்லை. ஓரம் கட்டி எஞ்சினை அடைத்துவிட்டு யாரையாவது கூப்பிடுங்கள்.

பொதுவாக, ஓடும்போது சிவப்பு எரிந்தால் நிறுத்தணும், மஞ்சள் எரிந்தால் மெதுவாக ஓட்டிப் பட்டறைக்குப் போகலாம். செக் எஞ்சின் விளக்கு மஞ்சள்தான். அது நிலையாக எரிந்தால் ஒன்றிரண்டு நாளில் ஸ்கேன் செய்து பாருங்கள். அதுவே விட்டு விட்டு மின்னி, காடியும் உதறினால் ஒரு சிலிண்டர் சரியாக எரியவில்லை என்று அர்த்தம், எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்கிற கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைச் சுட்டுவிடும். அதற்கு ஆகும் செலவைக் கேட்டால் ஸ்பார்க் பிளக், காயில் விலையெல்லாம் தேநீர்க் காசாகத் தெரியும். பேட்டரி படத்தைப் பார்த்ததும் புது பேட்டரி வாங்க ஓடுகிறவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலும் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிற ஆல்டர்னேட்டரோ அதைச் சுழற்றுகிற பெல்ட்டோதான் காரணமாக இருக்கும், முதலில் சார்ஜ் ஏறுகிறதா என்று அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.

அடுத்தது சூடு. தைப்பூசத்துக்குப் பினாங்கு போகிற நாளில் புக்கிட் பெராப்பிட் ஏற்றத்தைப் பாருங்கள், குடும்பம் முழுக்க ஏறி, பூட்டில் சாமான் நிறைந்து, ஏர்கோனும் முழு வேகத்தில் ஓடும் பழைய காடிகளில் ஒன்றிரண்டாவது ஓரத்தில் பானட்டைத் திறந்துகொண்டு நிற்கும். அந்தச் சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திருகுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. 100 டிகிரியில் கொதிக்கிற தண்ணீர், மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் 120 டிகிரி வரைகூடக் கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடி திறந்த நொடியில் கொதிநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். அரை மணி நேரமாவது ஆறவிடுங்கள். காய்ந்து சூடேறிய எஞ்சினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினாலும் சிலிண்டர் ஹெட் விரிசல் விடலாம்.

நம் நாட்டில் பனியா பெய்கிறது, தண்ணீர் உறையாமல் காக்கிற கூலன்ட் எதற்கு என்று ரேடியேட்டரில் பைப் தண்ணீரையே ஊற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். கூலன்ட் துருவையும் தடுக்கும், கொதிநிலையையும் உயர்த்தும். வெறும் தண்ணீர் ஊற்றிய ரேடியேட்டர் ஒருநாள் செங்காவியாய்க் கக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஆயில் மாற்றுகிற கணக்கில் நாம் ஏமாறுகிற இடம் வேறு. கண்ணாடி மூலையில் ஒட்டிய ஸ்டிக்கரில் அடுத்தது இத்தனை கிலோமீட்டர் என்று இருக்கும், "நான் எங்க ஓட்டுறேன், லயத்துல இருந்து பெரட்டுக்குத்தானே" என்று வருஷக்கணக்கில் தள்ளுவோம். கையேட்டைப் புரட்டிப் பாருங்கள், குறுகிய ஓட்டமும் புழுதிச் சாலையும் கடுமையான பயன்பாட்டில்தான் சேரும். ரெண்டு கட்டை ஓட்டத்தில் ஆயில் சரியாகச் சூடேறாது, உள்ளே சேர்ந்த ஈரம் வற்றாது. அதனால் கிலோமீட்டர் எட்டாவிட்டாலும் 6 மாதத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுவேன். செம்மண் சாலையில் ஓடுகிற காடிக்கு ஏர் ஃபில்ட்டரையும் அப்போதே கழற்றிப் பாருங்கள், என்னுடையதைத் தட்டியபோது ஒரு கை செம்மண் கொட்டியது. டிப்ஸ்டிக்கில் ஆயில் தே தாரிக் நிறத்தில் வந்தால் கூலன்ட் உள்ளே கலக்கிறது என்று சந்தேகப்படணும். அந்தக் காடியை ஸ்டார்ட் செய்யாமல் போமெனைக் கூப்பிடுங்கள்.

கப்சாய் வைத்திருக்கிற தம்பிகளுக்கு: மிச்சமிருக்கிற காடி ஆயிலை மோட்டாருக்கு ஊற்றாதீர்கள். கப்சாயில் கிளட்ச், கியர் எல்லாம் அதே ஆயிலில்தான் நனைகின்றன. காடி ஆயில் சிலவற்றில் வழுக்குவதற்கென்றே சேர்க்கும் மருந்து கிளட்சையும் வழுக்கிவிடும். போத்தலில் 'ஜாசோ எம்ஏ' (ஆயிலில் நனையும் கிளட்ச் உள்ள மோட்டாருக்கான தர அடையாளம்) என்று போட்டிருக்கிறதா பாருங்கள். அந்த எஞ்சின் பிடிக்கிற ஆயில் பெரும்பாலும் 1 லிட்டர்கூட இருக்காது, கொஞ்சம் குறைந்தாலே பெரிய குறைவு.

பழைய காஞ்சிலோ வீராவோ வாங்கினால், வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைக்கிற டைமிங் பெல்ட்டை எப்போது மாற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் மாற்றிவிடுங்கள். அது அறுவதற்கு முன் டேஷ்போர்டில் எந்த விளக்கும் எரியாது, அறுந்தால் சில எஞ்சின்களில் வால்வு வளைந்து ஹெட்டையே கழற்றணும்.

காடி நிற்கிற சிமெண்டுத் தரையில் ராத்திரி ஒரு பழைய அட்டையைப் போட்டு வைத்துக் காலையில் பாருங்கள். கறுப்பு என்றால் ஆயில், பச்சையோ ரோஸோ என்றால் கூலன்ட். ஏர்கோன் போட்டு ஓட்டி வந்த பிறகு நிறமே இல்லாத தண்ணீர் சொட்டினால் அதை விட்டுவிடலாம்.