ஓஎல்இடி பலகையோடு எல்இடியைச் சேர்க்கும்போது தவிர்க்க வேண்டியவை

ஓஎல்இடி என்றதும் தொலைக்காட்சித் திரைதான் நினைவுக்கு வரும். அதே வகைக் கரிமப் பொருள்களைக் கொண்டு வெள்ளை ஒளி தரும் விளக்குப் பலகைகளும் உண்டு. கனம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர்தான். நேராகப் பார்த்தாலும் கண் அவ்வளவாகக் கூசாது. அந்த அழகில் மயங்கி, அறை முழுவதற்கும் இதுவே போதும் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்றவற்றில் பாதி இதிலிருந்து பிறப்பவை.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 10 சென்டிமீட்டர் சதுரப் பலகை, சதுர மீட்டருக்கு 3,000 கேண்டெலா பிரகாசத்தில் எரிந்தால் சுமார் 94 லூமன் (விளக்கு தரும் மொத்த ஒளியின் அளவு) கிடைக்கும். சாதாரண 9 வாட் எல்இடி பல்பு 800 முதல் 900 லூமன் வரை தரும். ஒரு பல்புக்கு ஈடாக ஒன்பது பலகைகள்! மின்னோட்டத்தை ஏற்றிப் பிரகாசத்தைக் கூட்டலாம் என்றால், வெளிச்சம் இரு மடங்காகும்போது ஆயுள் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். தவிர, இந்த ஒளி பரவுமே ஒழியக் குவியாது; எதிர்ச்சுவரில் இருக்கும் ஓவியத்தை எடுத்துக்காட்ட இது உதவாது.

ஆகவே வேலையைப் பிரித்துக் கொடுக்க வேண்டும். முகத்துக்கு அருகே, கண்ணில் படும் இடத்தில் ஓஎல்இடி. கூரையை நிரப்பவும் ஒரு பொருளைக் குறிவைக்கவும் எல்இடி. அமெரிக்காவின் அக்யூட்டி பிராண்ட்ஸ் கொண்டுவந்த ஓலெசன்ஸ் என்ற தொங்குவிளக்கில் ஓஎல்இடி கீழ்நோக்கியும் எல்இடி மேல்நோக்கியும் எரியும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். விலை உயர்ந்த பலகையைக் கூரை இடுக்கில் மறைத்துவிட்டு, கூசும் எல்இடியைத் தலைக்கு மேல் மாட்டுகிறார்கள். பணத்துக்குப் பிடித்த கேடு.

அடுத்தது நிறம். இரண்டு பெட்டியிலும் 3,000 கெல்வின் என்று போட்டிருந்தால் நிறம் ஒத்துப்போகும் என்று நம்பாதீர்கள். கெல்வின் எண் மஞ்சளுக்கும் நீலத்துக்கும் இடையே ஒளி எங்கே நிற்கிறது என்பதை மட்டுமே சொல்லும். பச்சைப் பக்கமோ இளஞ்சிவப்புப் பக்கமோ சாய்வதைச் சொல்லாது. அந்தச் சாய்வுக்கு டியூவி என்று தனி அளவு உண்டு; தரவுத்தாளில் அதைப் பாருங்கள். தனித்தனியே பார்க்கும்போது இரண்டும் வெள்ளையாகவே தெரியும். ஒரே வெள்ளைச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் விழுந்தால்தான் குட்டு வெளிப்படும். வாங்குமுன் ஒரு வெள்ளைத் தாளில் இரண்டையும் விழவைத்துப் பார்ப்பது எந்தத் தரவுத்தாளையும்விட நம்பகமானது. பொருந்தவில்லையென்றால் இரண்டும் வெவ்வேறு பரப்பில் விழும்படி அமைத்துவிடலாம். இன்றைக்குப் பொருந்தினாலும் வயதாக ஆகப் பலகையின் நீல அடுக்கு மற்றவற்றைவிட விரைவாகத் தளரும். நிறம் மெல்ல நகரும். பழைய வரிசையின் நடுவே புதுப் பலகை ஒன்றை மட்டும் மாற்றினால் அது தனித்துத் தெரியும்.

எல்இடிக்கு மின்னோட்டத்தைச் சீராக்கித் தரும் டிரைவர் என்ற கருவியையே ஓஎல்இடிக்கும் பொருத்துவது இன்னொரு பிழை. வயதாகும் பலகை, அதே மின்னோட்டத்துக்குக் கூடுதல் மின்னழுத்தம் கேட்கும். அதற்கு இடம்கொடுக்காத டிரைவர் சில ஆண்டுகளில் மினுக்கத் தொடங்கும், அல்லது அணைந்துவிடும். ஒரு டிரைவரில் பல பலகைகளைப் பக்க இணைப்பில் மாட்டினால் மின்னோட்டம் சமமாகப் பிரியாது. ஒன்று கூடுதலாக எரிந்து முதலில் சாகும். டிம்மரையும் தனித்தனியாக வையுங்கள். ஒரே குமிழில் இரண்டும் ஒரே சீராக இறங்குவது அரிது.

பல பலகைகள் அணைந்திருக்கும்போது கண்ணாடிபோல் பளபளக்கும். ஸ்பாட் லைட்டை அதன் மேல் திருப்பினால் கூசாத விளக்கே கூசும் விளக்காகிவிடும். சூடாகும் எல்இடியைப் பலகையின் முதுகில் ஒட்டவும் கூடாது. வெப்பம் அதன் ஆயுளைத் தின்றுவிடும்.

கையோடு உதிரிப் பலகைகளையும் வாங்கி வைத்துவிடுங்கள். எல்ஜி டிஸ்ப்ளே போன்ற பெரிய நிறுவனமே 2019இல் ஓஎல்இடி விளக்குத் தொழிலிலிருந்து விலகிக்கொண்டது. எல்இடி பழுதானால் எந்தக் கடையிலும் மாற்று கிடைக்கும். பலகைக்கு அந்த உறுதி இல்லை.