சுருட்டை முடியை உலர்த்தும் முறையைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

சுருட்டை முடி அன்றைக்கு எப்படி அமையப் போகிறது என்பது பெரும்பாலும் அது உலரும் நேரத்திலேயே முடிவாகிவிடுகிறது. முடியிலுள்ள கெராட்டின் புரத இழைகளை இணைத்து நிறுத்தும் ஹைட்ரஜன் பிணைப்புகள் நீர் பட்டதும் விடுபட்டு, ஈரம் வெளியேறும்போது மீண்டும் இணைகின்றன. அந்த நேரத்தில் முடி எந்த வளைவில் இருக்கிறதோ, அந்த வளைவே அடுத்து நனையும்வரை நிற்கிறது. உலர்ந்துகொண்டிருக்கும் சுருளைக் கையால் கலைத்தாலோ, துண்டால் தேய்த்தாலோ, பலத்த காற்றில் அலையவிட்டாலோ, ஒன்றாகச் சேர்ந்து சுருண்டிருக்க வேண்டிய இழைகள் தனித்தனியே பிரிந்து, அப்படியே காய்ந்து, புசுபுசுவென்று நின்றுவிடுகின்றன. எனவே எந்த முறையைத் தேர்ந்தெடுத்தாலும் இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும்: முடி எவ்வளவு நேரம் ஈரமாக இருக்கப் போகிறது? அந்த நேரம் முழுவதும் அது கலையாமல் இருக்குமா?

எல்லா முறைகளுக்கும் பொதுவான முதல் படி துவட்டுதல். நம் வீடுகளில் குனிந்து நின்று, தொங்கும் கூந்தலைத் துண்டால் பட்பட்டென்று அடித்து நீரை உதறுவது வழக்கம். நனைந்த முடி ஊறிப் பருத்து, எளிதில் நீளக்கூடியதாகவும் வலுக்குறைந்ததாகவும் இருக்கும். சுருட்டை முடியில் ஒவ்வொரு வளைவும் ஏற்கெனவே ஒரு பலவீனமான இடம் என்பதால், இந்த அடியை அது தாங்காது. சொரசொரப்பான தடித்த டர்க்கித் துண்டைவிட நம் ஈரிழைத் துண்டோ, பழைய பருத்தி பனியனோ நல்லது. துணியை உள்ளங்கையில் விரித்து, முடியின் நுனியை அதில் ஏந்தி, வேரை நோக்கி மேலே கொண்டுபோய் மெல்ல அழுத்திப் பிழிந்தால், நீரும் இறங்கும், சுருளும் தன் வடிவத்தில் கூடும். சிக்கெடுப்பதை இதற்கு முன்பே, தலையில் கண்டிஷனரின் வழுவழுப்பு இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து தொடங்கி முடித்துவிட வேண்டும். துவட்டிய பிறகு சீப்புக்கு வேலையில்லை.

அடுத்ததாக, உங்கள் முடி தானாக உலர எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறது என்பதை ஒரு விடுமுறை நாளில் கவனித்துப் பாருங்கள். ஒரு முடியை நீர்க் கோப்பையில் போட்டு, மிதக்கிறதா மூழ்குகிறதா என்று பார்த்து, முடி எவ்வளவு நீரை உறிஞ்சும் என்று கணிக்கும் சோதனையைப் பலர் பரிந்துரைக்கிறார்கள். முடியில் ஒட்டியிருக்கும் எண்ணெயே அதன் முடிவை மாற்றிவிடும் என்பதால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. கடிகாரத்தைப் பார்ப்பதே மேல். முடியின் அடர்த்தி, நீளம், ஊர், பருவம் எல்லாம் அந்த ஒரு கணக்கிலேயே அடங்கிவிடும். பங்குனி மாதத்து மதுரையில் ஒன்றரை மணி நேரத்தில் உலரும் கூந்தல், வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகையில் சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ அரை நாளானாலும் கழுத்தடியில் ஈரமாகவே இருப்பதைக் காணலாம்.

ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்குள் உலர்ந்துவிடும் முடிக்கு, குறிப்பாகத் தோள்வரை மட்டும் உள்ள முடிக்கு, காற்றில் தானாக உலரவிடுவதே போதும். செலவில்லை, சூடில்லை. துவட்டிய முடி ஈரமாக இருக்கும்போதே சிறிதளவு ஜெல்லைத் தடவி (ஆளிவிதையை நீரில் கொதிக்கவைத்து வடித்த வழுவழுப்பான சாறும் நன்றாகவே பயன்படுகிறது), கைகளால் நுனியிலிருந்து ஏந்தி அழுத்திவிட்டு, பிறகு அதைத் தொடாமல் இருக்க வேண்டும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவதைத் தவிருங்கள். அந்தக் காற்று மேற்புற முடியைத்தான் முதலில் கலைக்கும். இந்த முறையின் குறை, நீரின் எடையால் வேர்ப்பகுதி படிந்து, உச்சந்தலை தட்டையாகக் காய்வது. துவட்டியதும் உச்சியில் நாலைந்து இடங்களில் சிறு கிளிப்புகளால் முடியை வேரோடு சற்றுத் தூக்கி நிறுத்தி, உலர்ந்தபின் எடுத்தால் இது பெரிதும் சரியாகும்.

உலர அதற்கு மேலும் நேரமாகும் என்றால் ஹேர் டிரையரைப் பற்றி யோசிக்கலாம். சூடு முடியைக் கெடுக்கும் என்ற அச்சத்தில் நியாயம் உண்டு, ஆனால் அது முழு உண்மையன்று. 2011இல் வெளியான கொரிய ஆய்வு ஒன்றில், முடிக் கற்றைகளைத் திரும்பத் திரும்பக் கழுவி, சிலவற்றைத் தானாக உலரவிட்டும் சிலவற்றை டிரையரால் உலர்த்தியும் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். டிரையரை 15 செ.மீ. தொலைவில் பிடித்தபோது முடியின் மேல் வெப்பம் ஏறக்குறைய 47 டிகிரி செல்சியஸ், 5 செ.மீ. அருகில் கொண்டுபோனபோது 95 டிகிரி. வெப்பம் ஏற ஏற முடியின் மேல்தோல் அதிகம் சேதமடைந்தது. அதேசமயம், தானாக உலர்ந்த முடியில்தான் செல்களை ஒட்டவைக்கும் உட்படலம் சிதைந்திருந்தது. முடி நெடுநேரம் நீரில் ஊறியிருந்ததே அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதினார்கள். டிரையரை 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே உலர்த்துவது தானாக உலர்வதைவிடக் குறைந்த சேதத்தையே தரும் என்பது அவர்கள் கண்ட முடிவு. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவிப் புரத இழப்பைக் குறைக்கிறது என்பதும் ஆய்வுகளில் தெரியவந்த ஒன்று. ஆகவே தலைக்குக் குளிப்பதற்கு முன் எண்ணெய் தேய்க்கும் நம் பழக்கத்தை, டிரையர் பயன்படுத்துபவர்கள் விட்டுவிடாமல் இருப்பது நல்லது.

சுருட்டை முடிக்கு வெறும் டிரையர் போதாது. அதன் முகப்பில் மாட்டும் டிஃப்யூசர் என்ற கிண்ணம் போன்ற இணைப்பு வேண்டும். அது குறுகலாக வரும் காற்றை அகலமாகப் பரப்பி, சுருளைப் பறக்கவிடாமல் உலர்த்துகிறது. காற்றின் வேகத்தைக் குறைந்த நிலையிலும், சூட்டைக் குறைந்த அல்லது நடு நிலையிலும் வையுங்கள். தொடக்கத்தில் கிண்ணத்தை முடியின் மேல் படாமல், ஒரு சாண் தள்ளி, தலையைச் சுற்றி மெதுவாக நகர்த்திக்கொண்டே இருந்தால், முன்பே தடவியிருக்கும் ஜெல் காய்ந்து மேலே மொறமொறப்பான ஓர் உறை உண்டாகும். அந்த உறை வந்தபின்தான் நுனிகளைக் கிண்ணத்தில் ஏந்தி, தலையோடு ஒட்டினாற்போல் உயர்த்திப் பிடிக்க வேண்டும். இப்போது கிண்ணம் முடியைத் தொடுவதால் சூட்டைக் குறைத்து, ஓரிடத்தில் அரை நிமிடத்துக்கு மேல் வைக்காமல், அடுத்த கற்றைக்கு மாறும்போது டிரையரை அணைத்துவிடுங்கள். உச்சந்தலையில் சுரீரென்று சூடு தெரிந்தால் முடிக்கும் அது அதிகம்தான். சொட்டச் சொட்ட நனைந்த முடியில் தொடங்குவது வீண். துவட்டி அரைமணி நேரம் கழித்துத் தொடங்கினால் சூடு படும் நேரம் வெகுவாகக் குறையும்.

என்னைக் கேட்டால், கடலோர ஊர்களில் அடர்ந்த நீண்ட கூந்தல் உள்ளவர்களுக்கு மழைக்காலத்தில் இந்த இரண்டும் கலந்த முறையே ஏற்றது: வேர்ப்பகுதியையும் கழுத்தடியையும் டிஃப்யூசரால் உலர்த்திவிட்டு, வயதாகி நொய்ந்துபோன நுனிகளைக் காற்றில் உலரவிடலாம். ஈரக்காற்று வீசும் நாளில் அரைகுறையாக உலர்ந்த தலையோடு வெளியே போனால் முடி காற்றிலுள்ள ஈரத்தையும் இழுத்துக்கொண்டு உப்பிவிடும்.

பள்ளி செல்லும் பெண்பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காலையில் தலைக்குக் குளிப்பாட்டி, அவசரத்தில் ஈரத்தோடு இரட்டைச் சடை பின்னி, மடித்து ரிப்பன் கட்டி அனுப்பிவிட்டால், பின்னலின் உட்பகுதி மாலைவரை காய்வதில்லை. உச்சந்தலையில் அரிப்பும் நாற்றமும் வருவதற்கும், இறுக்கிய இடத்தில் முடி அறுவதற்கும் இதுவே போதும். பள்ளி நாளில் தலைக்குக் குளிப்பதை முந்தைய நாள் மாலைக்கு மாற்றி, படுக்கைக்குப் போகும் முன் முழுவதும் உலர்ந்திருக்கும்படி பார்த்துக்கொள்வது எளிய வழி.

சாம்பிராணிப் புகை மணத்துக்கு இனியது. ஆனால் அடர்ந்த முடியின் ஈரத்தை எடுக்கும் அளவுக்குச் சூடு அதில் இல்லை, மூடிய அறையில் அந்தக் கரிப்புகை நெஞ்சுக்கும் ஆகாது. இளங்காலை வெயிலில் சிறிது நேரம் நிற்கலாம், உச்சி வெயில் வேண்டாம். ஈர முடியில் ஸ்ட்ரெயிட்னரையோ கர்லிங் கருவியையோ வைப்பதை எந்தச் சூழ்நிலையிலும் செய்யக்கூடாது; உள்ளே இருக்கும் நீர் ஆவியாகி முடிக்குள்ளேயே குமிழிகளை உண்டாக்கி அதை முறியச் செய்துவிடும்.

முடி உலர்ந்துவிட்டதா என்பதை மேலே தொட்டுப் பார்த்து முடிவு செய்யாமல், கழுத்தடியில் விரலை நுழைத்து வேரைத் தொட்டுப் பாருங்கள்; குளிர்ச்சி தெரிந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்தக் குளிர்ச்சியும் போனபிறகு, உள்ளங்கைகளில் இரண்டு சொட்டு எண்ணெயைத் தேய்த்துக்கொண்டு, சுருள்களை நுனியிலிருந்து ஏந்திக் கசக்கினால், மொறமொறத்த ஜெல் உறை உடைந்து உள்ளே மென்மையான சுருள் நிற்கும்.